குரலை வெட்டிய பாட்டு

வாடிக்கைக்காரியின் தலையைப் பின்னிக்கொண்டே அயோனி பிரஹாம் கவிதை சொல்கிறாள். தாளம் விழும் இடத்தில் முடியை ஒரு இழுப்பு. "ஐயோ, மெல்ல!" என்று அலறினால், "வரி சூடா வருது, பொறுத்துக்கோடி" என்பாள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் எங்கள் சந்தில் ரெகே இசை ஒலிக்காத வீடு கிடையாது. அயோனி அந்தத் தாளத்தின் மேல் பாடுவதில்லை, பேசுகிறாள். டப் கவிதை என்று இதற்குப் பெயர். "பாடினா சனம் இடுப்பை ஆட்டும். பேசினாத்தான் திரும்பிப் பாக்கும்." ஐம்பதைத் தாண்டியவள், கட்டைக் குரல். செருப்போடு மேடையேற மாட்டாள். பேஸ் கிதாரின் அதிர்வு பாதம் வழியாக ஏற வேண்டுமாம்.

அவளுடைய 'குழாய்' கவிதை வானொலியில்கூட வந்தது. காற்றை மட்டும் கக்கும் எங்கள் தெருக்குழாயைப் பற்றியது.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு ஒலிபெருக்கி வண்டி சந்துக்குள் நுழைந்தது. 'குழாய்' பதிவின் அதே பேஸ், அதே மேளம். அவள் குரலை மட்டும் காணோம். அதை வழித்தெடுத்துவிட்டு வேட்பாளரின் பெயரைப் போட்டிருந்தார்கள். போன தடவை ஜெயித்துப் போனபின் குழாய்ப் பக்கமே தலைகாட்டாத அதே ஆள்! ஓட்டுக் கேட்க அவள் கோபத்தின் தாளம் வேண்டும். அவள் எதற்காகக் கோபப்பட்டாளோ அது மட்டும் வேண்டாம்.

பாதிப் பின்னலை விட்டுவிட்டு அயோனி வண்டியை மறித்தாள். "இந்தத் தாளத்துக்கு ஒரு வாய் இருந்துச்சே தம்பி, அதை எங்கே புதைச்சீங்க?"

"நான் வண்டி ஓட்டுறவன், மிஸ் அயோனி. போடச் சொன்னாங்க, போட்டேன்."

"நல்லாப் போட்டே. சத்தத்தைக் கூட்டு."

கூட்டினான். அவள் செருப்பை உதறிவிட்டுத் தொடங்கினாள்:

"திறந்தா இருமுது குழாய்,
தேர்தல் வந்தா சிரிக்குது வாய்,
வாளியைக் கேளு, சொல்லும் ஐயா,
வாக்குக் கொடுத்தது பொய்யா மெய்யா!"

வண்டிக்குள் இருந்த கட்சிக்காரன் பாய்ந்து பாட்டை அணைத்தான். அவள் நிறுத்தவில்லை. எதிர்வீட்டு மெர்லீன் தகர வேலியில் அறைந்து தாளத்தை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வேலியும் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சந்தே அதிர்ந்தது.

கட்சிக்காரன் சிரிக்கப் பார்த்தான். "தொண்டை வறண்டுடும், மிஸ் அயோனி. முதல்ல இதைக் குடிங்க." வேட்பாளரின் படம் ஒட்டிய தண்ணீர் பாட்டில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது.

அயோனி வாங்கினாள். மூடியைத் திருகினாள். குழாயடியில் வரிசையாகக் கிடந்த காலி வாளிகளில் முதலாவதற்குள், அவன் முகத்தைப் பார்த்தபடியே, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.