அவர் தலையாட்டும் வரை

என் வீட்டுக்காரர் தென்காசியில் சுயராஜ்யக் கூட்டங்களில் பேசுகிறவர். கதர் தவிர வேறு உடுத்தமாட்டார். அவருடைய சிநேகிதர் ஒரு வக்கீல், சர்க்கார் பக்கம். சாயங்காலமானால் இருவரும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து மல்லுக்கு நிற்பார்கள். காப்பி கொண்டுபோவது நான்.

ஓர் ஆனி மாதச் சாரலில் வக்கீல் கேட்டார்: "குத்தாலத்துல போயி குளிக்கோம், வாறோம். எந்த வெள்ளைக்காரன் வந்து மறிச்சான்? மறிக்க ஆளில்லைன்னா அதுக்குப் பேருதான் சுதந்திரம்."

இவர் விடவில்லை. "இன்னைக்கு மறிக்கல. நாளைக்கு மறிக்கணும்னு நெனச்சான்னா? அவன் நல்லவனா இருந்தாத்தான் நமக்குக் குளிப்புன்னா, அது அடிமைத்தனம்தான் அண்ணாச்சி."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் வெளியே கிளம்புவதென்றால் உடுத்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நிற்பேன். பேப்பரிலிருந்து நிமிர்ந்து தலையாட்டுவார். அப்புறம்தான் படி இறங்குவேன். ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லை. கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. நானும் அந்தப் பெருமையில்தான் இருந்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பெண்கள் அருவிக்குப் போக வண்டி கட்டினார்கள். மாற்றுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அவர் பேப்பரில் மூழ்கியிருந்தார். வழக்கமான இடத்தில் என் கால் தானாக நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தலையாட்டலுக்குக் காத்திராமல் வாசலுக்கு நடந்தேன்.

"குத்தாலத்துக்குப் போயிட்டு வாரேன்."

"ஏட்டி, நில்லு. ஒரு வார்த்தை கேக்கலியே. நான் என்னைக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்ல. வெள்ளைக்காரனைப் பத்தி வக்கீல் அண்ணாச்சியும் அதைத்தான சொல்லுதாக."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வெள்ளைக்காரனும் நானும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. நீங்க நல்லவுக. அதனாலதான் இத்தனை வருசமா எனக்கு இது தெரியாமலே போச்சு."

வண்டியில் ஏறினேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அருவி தலையில் அறைந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தில் குளித்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

சில நாள் வீட்டில் பேச்சு குறைவுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோயிலுக்கோ கடைக்கோ, சொல்லிவிட்டுப் போனேன், கேட்டுவிட்டுப் போகவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்தார். "ஆய்க்குடிக் கூட்டத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றார். சொன்னவர் போகாமல் நின்றார். நான் தலையாட்டுவதற்குக் காத்திருக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் தலையாட்டவில்லை.

"என்கிட்ட எதுக்கு நிக்கிய? போயிட்டு வாங்க" என்றேன்.