நாத்தனார் முடிச்சு

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் வீட்டின் கழிப்பறையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஆண்கள் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கக் கூடாது, உட்கார்ந்துதான் கழிக்க வேண்டும் என்று படம் போட்டுச் சொல்கிறது. இந்த நாட்டில் பல வீடுகளில் இது வழக்கம். குடிவந்த அன்று வீட்டுக்காரம்மா அதைக் காட்டி, உங்கள் நாட்டு ஆண்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றலாம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நெடுநேரம் விளக்கினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சுண்டிப்போனது. அவரிடம் எப்படிச் சொல்வது? என்னை ஆண் என்று நம்பி ஒருவர் எனக்குப் போட்ட முதல் தடை அதுதான்.

பிறந்தபோது என்னைப் பெண் என்று எழுதினார்கள். நான் திருநம்பி. பெயர் கதிர். பழைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்று துடிக்கிறவர்கள் என் அத்தைமாரிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்றும் அதைத்தான் வாய் மணக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், பெர்மனன்ட். எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் மதுரைக்காரர்கள், எதிரே ஈரோட்டுக்காரர்கள். சாம்பாருக்கு வெல்லம் போடலாமா என்பதில்கூடத் தெருவுக்குள் சண்டை வரும். ஆனால் ஆண்பிள்ளை எப்படி உட்காரலாம், பெண்பிள்ளை எப்படிச் சிரிக்கலாம் என்பதில் மட்டும் எந்த மாவட்டத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும்போது தம்பி பிரபு வாசலில் கிரிக்கெட் ஆடலாம். நான் தட்டு கழுவும் சத்தம் கேட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். பொம்பளைப் பிள்ளை இருக்கிற இடம் தெரியக் கூடாதாம்.

இப்போது நான் பிழைப்பதும் ஒரு பழுப்பு நிலக்கரிச் சீமையில்தான். வீட்டுக்காரம்மா பிறந்த கிராமத்தைச் சுரங்கம் விழுங்கிவிட்டது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட வளையமாதேவி வயல்களைப் பற்றி நான் சொன்னபோது அவர் கண் கலங்கினார். மண்ணைப் பற்றிப் பேசினால் எங்களுக்குள் எல்லாம் புரிந்துவிடும். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல்.

போன வருடம், நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லாத அம்மாவிடமிருந்து போன் வந்தது. பிரபுவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்றவற்றை அவன் கூடப்பிறந்தவள் போடுவாள். நாத்தனார் முடிச்சு என்று பெயர். பெண் வீட்டாரிடம், எங்களுக்கு ஒரே மகள், ஜெர்மனியில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறார்கள்.

“ஒரு நாள்தானடி. தாடிய எடுத்துட்டுப் பொடவை கட்டிக்கோ. முடிச்சப் போட்டுட்டு அப்புறம் நீ எப்படி வேணா இருந்துக்கோ” என்றாள் அம்மா.

முடியாது, வேட்டி கட்டி அண்ணனாக வருகிறேன் என்றேன். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படி என்று கேட்டாள். மீசை என் முகத்தில் இருப்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, அதுவரை சந்தோஷம்.

வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொல்லப்போனது என் புத்திகெட்டதனம். என் அரைகுறை ஜெர்மனில், நான் திருநம்பி என்பதும், தாலியில் முடிச்சுப் போட என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பதும் மட்டும்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. “எவ்வளவு அழகு! நீங்கள் இல்லாமல் திருமணமே நடக்காது!” என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இந்தியாவில் மூன்றாம் பாலினத்தைத் தெய்வமாகப் பார்ப்பார்களாமே, எங்கள் ஐரோப்பா இன்னும் திருந்தவில்லை என்று வேறு சொன்னார். அந்தப் பரவசத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. “யா, யா” என்று தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போனேன். எனக்கு இருந்தது ஒரே ஆசை: தாலி கட்டும் நேரத்தில் தம்பிக்குப் பக்கத்தில் அண்ணன் என்று நிற்கவேண்டும். அவனைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் நான்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வீடு கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கட்டிலில் ஒரு பட்டுப்புடவை, மேலே தைத்த ஜாக்கெட். என் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவு கொடுத்துத் தைத்திருந்தாள் அம்மா. நான் கையில்கூட எடுக்கவில்லை. அவளே அதை என் சட்டைமேல் வைத்துப் பார்த்தாள். என் தோள் அகலத்தில் பாதிக்குத்தான் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, டைலர் தப்பாகத் தைத்துவிட்டான் என்றாள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. கண்ணெதிரே நிற்கிற பிள்ளையை விடப் பழைய ஜாக்கெட்டை நம்புகிற தாயை என்ன செய்வது?

பிரபு வந்து பேசினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முந்தைய ஜூனில், எங்களைப் போன்றவர்களுக்கு ஆதரவு என்று ஆபீஸில் கொடுத்த வானவில் பட்டையைக் கழுத்தில் மாட்டிப் படம் போட்டு, அன்புக்கு எல்லை இல்லை என்று எழுதியிருந்தான். அவன் உள்ளே வந்து, என் தாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

“ஒரு நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதாக்கா?” என்றான்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். முடியாது என்றேன். அப்படியானால் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவோம், நீ பிரெண்டு மாதிரி வந்து உட்கார்ந்துகொள் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. முடிச்சுப் போடச் சித்தப்பாவின் சின்ன மகளைப் பிடித்தார்கள். அன்றே திரும்பியிருக்கலாம். தம்பி கல்யாணம், கால் நகரவில்லை.

டவுன்ஷிப்பில்தான் மண்டபம். காலையில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கனகம்மா என்கிற திருநங்கை இறங்கினார். அவர் வாக்கு பலிக்கும் என்று அம்மாவே நேரில் போய் அழைத்திருந்தாள். தட்டில் தேங்காய், பழம், புடவை எல்லாம் வைத்துக் கொடுத்து, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கனகம்மா பிரபுவின் நெற்றியில் குங்குமம் வைத்து வாழ்த்திவிட்டு, ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார்.

“மாப்ளைக்கு அண்ணனா இவுரு? மூக்கு அப்டியே இருக்குது.”

“இல்லைங்க. பையனோட பிரெண்டு. ஜெர்மனில இருக்கார்” என்றாள் அம்மா.

அம்மா என்னை முதன்முதலாக ஆண் என்று ஒப்புக்கொண்டது, நான் தன் பிள்ளை இல்லை என்று சொல்வதற்காக. கனகம்மா என் நெற்றியிலும் குங்குமம் வைத்து, நல்லாயிரு தம்பி என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்குச் சாப்பாடு பந்தியில் இல்லை. பெண் வீட்டார் சங்கடப்படுவார்கள் என்று பார்சல் கட்டிக் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். வாக்கு வேண்டும், வாக்கு சொன்ன வாய் பக்கத்து இலையில் சாப்பிடக் கூடாது. அந்த இட்லியும் கேசரியும் வேண்டாம் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. மேடையில் சின்னப் பெண்ணை யாரோ தூக்கிப் பிடிக்க, அவள் தாலிக் கயிற்றில் தப்புத் தப்பாக முடிச்சுப் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். பிரபுவின் பக்கத்தில் அண்ணன் நிற்கிற இடத்தில் வீடியோக்காரரின் லைட் ஸ்டாண்டு நின்றது. நானும் எழுந்து, கையில் இருந்த அட்சதையை என் பலம் கொண்டமட்டும் வீசினேன். மேடைக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெரியவர் தலையில் கொட்டியது.

அவர் அரிசியைத் தட்டிக்கொண்டே திரும்பிச் சிரித்தார். குறிஞ்சிப்பாடி ஆளாம், பெண்ணுக்கு மாமா முறை.

“தம்பி யாரு, மாப்ள வூடா, பொண்ணு வூடா?”

“நான் வெளியூருங்க” என்றேன்.