வாகீசன் அழுத படலை

வாகீசன் மேடையில் ஏறினால், வாய் திறக்க முதலே சனம் சிரித்துவிடும். கரவெட்டிப் பக்கத்தில் கோயில் திருவிழா, வாசிகசாலை ஆண்டுவிழா என்று எங்கே பகிடி வேண்டுமோ அங்கே அவரைக் கூப்பிடுவார்கள். பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பார். பின்னேரம் காதோரத்தில் ஒட்டிய பச்சைப் பெயின்ற்றோடேயே வந்து மைக்கைப் பிடிப்பார். அதைக் கண்டும் சிரிப்பார்கள்.

அவருடைய ஆசையோ வேறு. ஆளை அழ வைக்கிற நடிப்புத்தான் நடிப்பு என்பது அவருடைய எண்ணம். யுத்தம் முடிந்து ஊர் மேடைகளில் மறுபடி வெளிச்சம் ஏறிய காலத்தில், பிள்ளையைப் பறிகொடுத்த அரசனின் வேசத்தைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு வாங்கினார். வசனமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த ஒருவர், "வாகீசா, முடி சரியுது" என்றார். பந்தல் அதிர்ந்தது. வாகீசன் என்ன செய்வார்? சரிந்த முடியை இன்னும் கொஞ்சம் சரித்துவிட்டார். செத்துக் கிடந்த பிள்ளையும் சேர்ந்து சிரித்ததாக ஊரில் இன்றும் கதை இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவரை முருகேசு வந்துதான் எழுப்பினார். முருகேசு தையல்காரர், வயதில் மூத்தவர், வாகீசனோடு சோடியாகப் பகிடி நடிக்கிறவர். வாகீசனுக்கு அவர் கூடப்பிறவாத அண்ணை. சனத்துக்கு உன்ரை முகத்தைப் பிடித்திருக்கிறது, அதற்கு யாராவது அழுவானோ என்று அண்ணை பேசியதில் மனம் ஆறி, வாகீசன் திரும்பவும் பகிடிக்கே வந்தார்.

கொரோனா மேடைகளைப் பூட்டியதும் இரண்டுபேரும் போனுக்குள் இறங்கி வீடியோ போடத் தொடங்கினார்கள். அங்கேதான் அவர்களுடைய பேர்போன பகிடி பிறந்தது. யாராவது செத்தால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கை ஒழுங்கையாக அறிவித்தல் சொல்லிப் போகுமே, அதைத்தான் எடுத்தார்கள். வாகீசன் முன்னால் இருந்து கனத்த குரலில், "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் கள்ளுத் தவறணையை வதிவிடமாகவும் கொண்ட முருகேசு அவர்கள்" என்று வாசிப்பார். மூக்கில் பஞ்சோடு பின்சீற்றில் கிடக்கும் முருகேசு எழும்பி, "டேய், கனடா மருமோனின்ரை பேரை ஏன்ரா விட்டனி?" என்று இல்லாத மருமகனுக்காகச் சண்டைக்கு வருவார். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

அதோடு நின்றிருக்கலாம்.

முருகேசுவின் ஒரே தங்கச்சி சிவகௌரி வல்வெட்டித்துறையில் கலியாணம் செய்து இருந்தவர். புருசன் இளமையிலேயே செத்துப்போக, மகன் நிருஷனைத் தாய்மாமன் முருகேசுதான் தோளில் தூக்கி வளர்த்தார். அந்த வீட்டு வாசற்படலைக்கு ஓட்டோவைக் கொண்டுபோய் உண்மைபோல ஒன்று எடுப்போம் என்று யோசனை சொன்னதும் முருகேசுதான். என்ரை தங்கச்சிதானே, பிறகு சிரிப்பாள் என்றார். ஓட்டோக் கண்ணாடிக்குப் பின்னால் போனை ஒளித்து வைத்துவிட்டு வாகீசன் படலையில் நின்று, அண்ணை மோசம் போட்டார், செத்துப்போனார் என்று சொல்லி அழுதார். வருசக்கணக்காக உள்ளே தேக்கி வைத்த அரசனின் அழுகை முழுவதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. சிவகௌரி தலைவிரி கோலமாக ஓடிவந்து மணலில் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார். முருகேசு ஓட்டோவுக்குள் இருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்.

சிவகௌரி சிரிக்கவில்லை. அதை ஒருவருக்கும் காட்டவேண்டாம் என்று கேட்டதற்கு, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து போட்டுவிட்டார்கள். அவர்கள் போட்டதிலேயே கூடச் சனம் பார்த்தது அதைத்தான். சிவகௌரி விழுந்த இடத்தை மட்டும் வெட்டிப் பாட்டுச் சேர்த்து அனுப்பிச் சிரித்தார்கள். சந்தைக்குப் போனால் பெடியள் அவரைப்போல நெஞ்சில் அடித்துக் காட்டினார்கள். பிறகு அதை அழித்தும் என்ன? உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சிவகௌரி தமையனோடு கதையை விட்டார். நிருஷனும் மாமன் வீட்டுப் பக்கம் தலைவைக்கவில்லை.

அதே படலை அழுகையைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு குறும்பட இயக்குநர் வாகீசனைத் தேடி வந்தார். இந்த மனிசனுக்குள் இப்படியொரு நடிகன் இருந்ததோ என்றார். மகனைத் தேடி அலைகிற தகப்பன் வேடம் கொடுத்தார். படம் முடிய மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்குச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்தடுத்து அழுகை வேடங்கள் வந்தன. வாகீசன் நினைத்த இடத்துக்கு வந்துவிட்டார். எந்த வாசலால் வந்தோம் என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

போன வைகாசியில் முருகேசு தையல் மிசினிலேயே சாய்ந்தார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயும் பலனில்லை. மறுநாள் மத்தியானம் பிரேதத்தை எடுப்பதென்று தீர்மானித்தார்கள். முருகேசுவுக்கு வினோஜா ஒரே பெட்டை. கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை. சிவகௌரி வீட்டுக்கு யார் யாரோ போன் எடுத்துப் பார்த்தார்கள். மறுபக்கத்தில், "இது எத்தினையாம் பாகம்?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தார்கள்.

விடிந்ததும் முருகேசுவின் மனைவி அருந்ததி வாகீசனைக் கிட்டக் கூப்பிட்டார். அவருக்கு அழுது அழுது குரல் போயிருந்தது.

"நிருஷன்தான் கொள்ளி வைக்கவேணும். அவர் தூக்கி வளத்த பிள்ளை. ரெண்டுபேருமாய்ச் சேர்ந்துதான் அவையளைத் துரத்தினியள். ஒராள் படுத்திட்டார். மற்றவர்தான் போய்க் கூட்டிவர வேணும், வாகீசன்."

அறிவித்தல் ஓட்டோ வல்வெட்டித்துறைப் பக்கம்தான் போனது. ஓட்டோக்காரன் டிலக்ஷன் ஓட்டினான். அண்ணையின் அறிவித்தலை நான்தான் சொல்லவேண்டும் என்று வாகீசன் மைக்கை வாங்கினார். நெல்லியடிச் சந்தியில், "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும்" என்று தொடங்கியதும் கடைவாசல்களில் நின்றவர்கள் கையைத் தட்டினார்கள். ஒருவர், கனடா மருமகனை விட்டுவிடாதே என்று கத்தினார். இன்னும் இரண்டுபேர் பின்சீற்றை எட்டிப் பார்த்தார்கள். டிலக்ஷன் மைக்கை வாகீசனின் கையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

சிவகௌரி படலைக்கு உள்ளே நின்றார். கையில் விளக்குமாறு.

"உதிலையே நில்லும். அண்டைக்கும் உதிலைதான் நிண்டனீர்."

"அக்கா, அண்ணை மோசம் போட்டார்."

"அண்டைக்கும் உதைத்தான் சொன்னனீர்."

நிருஷன் வெளியே வந்தான். ஓட்டோவின் சீற்றைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினான். பிறகு வாகீசனின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான். வாகீசன் அந்தக் காலத்துச் சோதனைச் சாவடியில் நிற்பதுபோலக் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றார். போனை எடுத்து வினோஜாவுக்கு வீடியோவில் அடித்தார். அந்தப் பிள்ளை விம்மிக்கொண்டே தகப்பனின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். நிருஷன் குனிந்து பார்த்தான்.

"பஞ்சு அண்டைக்கும் இருந்தது" என்றான்.

இனி அழுவதைத் தவிர வாகீசனிடம் ஒன்றும் இருக்கவில்லை. தொண்டையைக் கீழே இறுக்கி மூச்சை அரைவாசியில் பிடித்தால் கண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும். எத்தனை தடவை செய்த வேலை! இப்போது தொண்டை தன்பாட்டில் இறுகத் தொடங்கியது. எது நடிப்பு, எது தன்னுடையது என்று அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை. பயந்துபோய்ப் புறங்கையைக் கடித்து அடக்கினார்.

சிவகௌரி விளக்குமாற்றைப் படலையில் சாத்தினார்.

"செத்தது உண்மையெண்டு எனக்குத் தெரியும். கரவெட்டிப் பக்கம் மீன் கொண்டுபோற மனிசி விடியவே வந்து சொல்லிப்போட்டாள்."

"பிறகேன் அக்கா?"

"நான் அழுது முடிச்சிட்டன், வாகீசன். அண்டைக்கு உந்த மண்ணிலை கிடந்து நான் நடிக்கேல்லை. என்ரை அண்ணைக்குத்தான் அழுதனான். என்னட்டை இருந்ததெல்லாம் அண்டைக்கே குடுத்திட்டன். அதை நீங்கள் எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கெல்லாம் சிரிக்கக் குடுத்தியள். இப்ப வந்து திரும்ப அழு எண்டால், நான் எங்கை போறது?"

அந்தப் படலை அழுகையால்தான் தனக்கு வேடங்கள் வந்தன என்பது சிவகௌரிக்குத் தெரியுமோ என்று வாகீசனின் மனதில் ஒரு கேள்வி குத்தியது. தெரிந்திருக்கும். முழங்கால் மணலில் பதிய மண்டியிட்டார்.

"நீங்கள் வரவேண்டாம் அக்கா. பிள்ளையை மட்டும் விடுங்கோ. கொள்ளிக்கு ஆளில்லாமல் அண்ணை கிடக்கிறார்."

"எழும்பும். றோட்டாலை போற சனம் படம் எடுக்கிறியள் எண்டு நினைக்கப்போகுது."

அவர் எழும்பினார். சிவகௌரி மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். டிலக்ஷன் நேரம் போகிறதென்று கையைக் காட்டினான். வெயில் ஏறியது. தாயும் மகனும் திரும்பி வந்தபோது நிருஷன் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான்.

"பிள்ளை வருவான். ஆனால் நீர் அங்கை நிக்கக்கூடாது" என்றார் சிவகௌரி. "செத்தவீட்டிலையும் சரி, சுடலையிலையும் சரி. உம்மடை முகத்தைக் கண்டால் அவன் குடத்தை இறக்கி வைச்சிட்டு வந்திடுவான்."

நிருஷன் நிலத்தைப் பார்த்தபடி ஓம் என்றான்.

"நீர் ஏன் வரேல்லை எண்டு ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது. அருந்ததிக்கும்தான். சொன்னால் அதிலையும் ஒரு கதை செய்வியள்."

அண்ணையின் வாயில் ஒரு பிடி அரிசி போடவேண்டும், பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கவேண்டும் என்று வாகீசன் நினைத்திருந்தார். அதை இந்த இடத்தில் சொல்ல அவருக்கு உரிமை இருக்கவில்லை. தலையை ஆட்டினார். நிருஷன் டிலக்ஷனுக்குப் பக்கத்தில் முன்சீற்றில் ஏறினான். கரவெட்டி எல்லைக்கு வந்ததும், இதிலே ஒரு அலுவல் இருக்கிறது என்று டிலக்ஷனிடம் சொல்லி வாகீசன் இறங்கிக்கொண்டார்.

சுடலைக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே போய் இருந்தார். அருந்ததி போன் எடுத்து, பிள்ளை வந்திட்டான், நீங்கள் எங்கை என்று கேட்டார். வாறன் அண்ணி என்றார். பிறகு அருந்ததி எடுத்தபோது அவர் தூக்கவில்லை. கடைசியாக வினோஜா எடுத்தாள்.

"சித்தப்பா, எங்கை நிக்கிறியள்? நீங்கள் வருமட்டும் அம்மா பெட்டியை மூட விடுறா இல்லை."

வாகீசன் போனைக் காதோடு அழுத்தினார். அவளுக்குப் பின்னால் சனத்தின் அழுகையும் ஐயரின் மணியும் கேட்டன.

"மூடச் சொல்லு பிள்ளை" என்றார்.

பறை கிட்ட வந்தது. கடையில் இருந்தவர்கள் எழும்பி வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் வாகீசனைக் கண்டு பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்தார். இருபது வருசம் சோடியாக நடித்தவன், பிணத்துக்குப் பின்னால் போகாமல் தேத்தண்ணி குடிக்கிறான், உவனும் ஒரு மனிசனோ என்று கேட்கும்படியாகவே சொன்னார்கள். இன்னொருவர் போனைத் தூக்கி அவருடைய முகத்தைப் படமெடுத்தார்.

வாகீசன் அதைத் தடுக்கவில்லை. கொள்ளிச்சட்டியோடு நிருஷன் சந்திக்கு வந்தான். அவனுடைய கண் கடைப்பக்கம் திரும்ப முதலே வாகீசன் எழும்பிப் பின்பக்கத்தால் இறங்கி, விறகு அடுக்கியிருந்த இடத்தில் குனிந்து இருந்துகொண்டார். பெட்டி அந்தச் சந்தியைக் கடந்து போகும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.