வெள்ளிக்கிழமைக் கழுநீர்

காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டின் பின்கதவருகே மூன்று தகரங்கள் இருந்தன. உடைந்ததும் கிழிந்ததும் முனிசிபல் குப்பை லோரிக்கு. போத்தலும் பழைய தாளும் வாரம் ஒருமுறை வரும் போத்தல்காரருக்கு. மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் கழுநீர்த் தகரத்துக்கு. அதைப் பன்றி வளர்க்கும் ஒரு சீனப் பெண் தினமும் காலையில் வந்து எடுத்துப்போவாள். சாமிக்குப் படைத்தது மட்டும் எந்தத் தகரத்திலும் சேரக்கூடாது. கறிவேப்பிலைச் செடியடியில் புதைக்க வேண்டும். முறையை வகுத்தவர் என் மாமியார்; நான் அத்தை என்று கூப்பிடுபவர். பிரித்துப் போடுவது என் வேலை. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை படித்தவள் நான்; ஆனாலும் போட்டதைச் சரியாகத்தான் போட்டேனா என்று மூன்று தகரங்களையும் மறுபடி போய்ப் பார்ப்பேன்.

அந்தப் பெண் என்னைத் 'தாச்சி' என்பாள். இங்குள்ள சீனர்கள் தமிழ்ப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவளை 'ஆசோ' என்பேன், சீனத்தில் அண்ணி. புக்கிட் ரம்பாய் கிராமத்திலிருந்து இரண்டு பக்கமும் தகரம் கட்டிய சைக்கிளில் வருவாள். கழுநீருக்குக் கைமாறாகச் சீனப் புத்தாண்டுக்குப் பத்து வாத்து முட்டைகளைச் சிவப்புத் தாளில் சுற்றித் தருவாள். குழந்தை பிறந்த பிறகு வீட்டார் அல்லாதவர்களில் நான் பேசியது அவளிடம் மட்டும்தான். பின்பக்கச் சந்துக்கு அப்பால் போகக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போவதற்கு ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான்.

மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு ஊரெல்லாம் கொடி கட்டத் தொடங்கியிருந்த சமயம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்த என் கணவர் அந்த வாரம்தான் பண்டார் ஹிலிரில் இருக்கும் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தார். வியாழக்கிழமை ஆசோ தன் பெண்பன்றி இரண்டொரு நாளில் குட்டி போடும் என்றாள். போன தடவை இன்னொரு பன்றி குட்டிகளோடு செத்துவிட்டதாம். இது ஒன்றுதான் மிச்சமாம்.

மறுநாள் காலை குழாயடியில் அரிசிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை அழுதது. அவசரமாக எழுந்தபோது கை குழாயில் இடித்து, ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் உடைந்தது. வளைகாப்பில் போட்ட வளையல். வெள்ளிக்கிழமை, அதுவும் அவர் காய்ச்சலிலிருந்து எழுந்த வாரம். அத்தை என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். படித்தவள் இதையெல்லாம் நம்பக்கூடாது. நானும் கொஞ்சம் நம்பினேன்.

துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பிறகு அடுக்களைத் தரையில் அவற்றை ஒட்டவைத்துப் பார்த்தேன். வட்டம் கூடவில்லை. நகத்தளவு துண்டு ஒன்று இல்லை. கழுநீர்த் தகரம் குழாய்க்குப் பக்கத்தில்தான் திறந்திருந்தது.

அப்போதே பின்னால் அத்தை ஆசோவின் தகரத்தில் கழுநீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இருங்கள் என்று சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் போய்விட்டது.

அன்று சாக்கடையை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். துண்டு கிடைக்கவில்லை. தண்ணீரோடு போயிருக்கலாம். கழுநீரிலும் போயிருக்கலாம். மாலையில் கணவரிடம், பன்றி கண்ணாடியைத் தின்றால் சாகுமா என்று கேட்டேன். அது கல்லையே மெல்லும் என்று சிரித்தார்.

"நாம என்ன பன்னியா வளக்கிறோம்? உனக்கேன் இந்தக் கவலை?"

ஒரு கடிதம் எழுதலாமா என்று நினைத்தேன். ஆசோவுக்குப் படிக்கத் தெரியாது. புக்கிட் ரம்பாய்க்கு பஸ் உண்டு. கைக்குழந்தையோடு எங்கே கிளம்புகிறாய் என்றால் என்ன சொல்வேன்?

சனிக்கிழமை ஆசோ வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. தகரம் நிரம்பி ஈ மொய்த்தது. இனி செங் பக்கமிருந்து கழுநீர் எடுக்க வரும் வேறோர் ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் அத்தை.  அந்தப் பன்றி ஒருக்களித்துக் கிடப்பதாகவே என் கண்ணுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆசோ வந்தாள். தூங்காத கண்கள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. ஒன்பது குட்டிகளாம், தாயும் சுகமாம், விட்டுவிட்டு வர முடியவில்லையாம். ஒன்றும் ஆகவில்லை. அதோடு உள்ளே போயிருப்பேன். அத்தைதான் வேடிக்கையாக, இரண்டு நாளாக உன் மகாராணி என்ன சாப்பிட்டாள் என்று மலாயில் கேட்டார்.

"தவிடுதான்," என்றாள் ஆசோ. "வெள்ளிக்கிழமை கொண்டுபோனது அப்படியே பீப்பாயில இருக்கு. இன்னிக்குக் காய்ச்சி ஊத்தணும். பால் குடுக்கிறவ இல்லையா? தாச்சிக்குத் தெரியும்."

அத்தை என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு என்னைவிட நன்றாக மலாய் தெரியும்.

"ஆசோ, அதைக் குடுக்காதீங்க," என்றேன். "என் வளையல் உடைஞ்சது. ஒரு துண்டு அதுல விழுந்திருக்கலாம்."

அவள் கோபப்படவில்லை. தகரத்தை மூடிக் கட்டிய பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மூணு நாளா தெரியுமா?"

தலையாட்டினேன். பீப்பாயைக் குழி வெட்டிக் கொட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா அத்தை."

கையை விட்டார். சாமி அறைக்குப் போய் நெடுநேரம் இருந்தார்.

மறுநாள் நான் பின்கதவுக்குப் போவதற்குள் கழுநீர்த் தகரம் அவர் கையில் இருந்தது. "இனிமே இதை நான் பாத்துக்கிறேன். நீ புள்ளையைப் பாரு," என்றார். குரலில் கடுமை இல்லை. கரிசனமாகவும் இருக்கலாம். ஒரு வேலை குறைந்ததே என்று வேறொருத்தி சந்தோஷப்பட்டிருப்பாள்.

காலையில் அவர்கள் இருவரும் பின்சந்தில் பேசுவது அடுக்களைச் சுவர் வழியே கேட்கிறது. சொற்கள் பிடிபடுவதில்லை. ஒன்பது குட்டிகளும் பிழைத்தனவா என்று அத்தையிடம் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியாமல் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.