துடைக்காத கருவாடு

பிள்ளைகளே, உங்களிடம் ஒளித்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கரையில் கருவாடு விற்கும் அம்மா ஒருவரில் எனக்குப் பொறாமை, எரிச்சல். ஒல்லி உடம்பு, வெயிலில் கறுத்த முகம். ஒவ்வொரு கருவாட்டையும் பழந்துணியால் துடைத்துத்தான் தருவார்.

எண்ணெய் எரிக்கும் மின்நிலையத்தை இன்னும் பெருப்பிப்பது பற்றி ஊரில் கூட்டம் வைத்தார்கள். வேண்டாம் என்று நான் நாலு தாள் எழுதிப்போய் வாசித்தேன். மின்சாரக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஐயா கொட்டாவி விட்டார்.

பிறகு அந்த அம்மா எழும்பி, துடைக்காத கட்டா மீன் கருவாடு ஒன்றை ஐயாவின் வெள்ளைத் தாளில் தேய்த்தார். கரி கோடாக விழுந்தது.

"என்னம்மா இது?"

"உங்கட புகைதான் ஐயா. இவ்வளவு நாளும் நாங்கள் துடைச்சு வித்தனாங்கள், அதுதான் உங்களுக்குத் தெரியேல்லை. இன்னொரு புகைக்குழாய் வந்தால் துடைக்க எனக்குக் கை காணாது."

சனம் சிரித்தது. ஐயா பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"தம்பி, நீங்களும் நல்லாத்தான் வாசிச்சனீங்கள்" என்றார் அந்த அம்மா என்னிடம். அது இன்னும் சுட்டது.

முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் கூட்டம் கலைந்தபோது என்னோடு வந்திருந்த நீங்கள் இருவரும் அவருடைய பனையோலைக் கடகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முன்னால் போனீர்கள். நான் நாலு தாளோடு பின்னால் வந்தேன்.