அண்ணி கேட்ட இங்கிலீஷ் கேள்வி

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம். மலைக்குக் கீழே ஒரு ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். மார்க் போதுமான அளவு இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டித் தேறினால்தான் இடம். எனக்கு முன்பு போய் வந்த பெண்கள், பாட்டு பிடிக்குமா, வீட்டில் யார் பாடுவார்கள் என்றுதான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

பதில்களை நானே எழுதி உருப்போட்டேன். கேள்வி கேட்க ஆள் வேண்டுமே? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். என் அண்ணன் மனைவி முன்வந்தார். ஒரு எழுத்துகூடத் தெரியாத அண்ணி, நான் சொல்லச் சொல்லக் கேள்விகளைக் காதில் வாங்கியே மனப்பாடம் செய்துவிட்டார். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, பெரிய அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "டூ யூ லைக் சிங்கிங்?" என்பார். நான் தடுமாறினால், "இன்னா பாப்பா முழிக்கிற? மறுபடி சொல்லு" என்று அதட்டுவார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

"ஹூ சிங்ஸ் இன் யுவர் ஃபேமிலி?" என்ற கேள்விதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அதன் பதிலில் அவர் இருந்தார். என் அண்ணி பாடுவார். காய்ச்சல் கண்ட தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கீழே போளூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கும்போது பாதி வழியிலேயே அது இறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு நர்ஸ்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்காக அவரே கட்டிய பாட்டைப் பாடுகிறார். அதனால்தான் நான் நர்ஸாக விரும்புகிறேன். இவ்வளவுதான் பதில். அதற்குத் தமிழில் அர்த்தம் சொன்ன அன்று அண்ணியின் கை நின்றுவிட்டது. "எம் புள்ளயப் பத்தி அவங்ககிட்ட இங்கிலீஷ்லயே சொல்லுவியா?" என்றார். "சொல்றேன் அண்ணி" என்றேன்.

தேர்வு நாளும் வந்தது. அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஜவ்வாது மலையா? இங்கிலீஷ் கெடக்கட்டும்மா. உங்க மலைப் பாட்டு ஒண்ணு பாடு, கேப்போம்."

எனக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு அண்ணியுடையது மட்டும்தான். பாடினால் அது யார் பாட்டு, என்ன பாட்டு என்று கேட்காமலா விடுவார்கள், அப்போது பதிலைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுப் பாடினேன். போளூர்ப் பாதை ஏன் இவ்வளவு நீளம் என்று ஒரு தாய் மலையைக் கேட்கிற பாட்டு அது. பக்கத்து அறையில் இருந்தவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். மூவரில் ஒருவராக உட்கார்ந்திருந்த அம்மா பேனாவால் மேசையில் தாளம் தட்டினார். முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

"சார், மை சிஸ்டர் இன் லா..." என்று ஆரம்பித்தேன்.

"போதும்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு. போய்ட்டு அடுத்த பொண்ண வரச் சொல்லு."

மலையேறி வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே காத்திருந்தார். "எம் புள்ளயப் பத்தி சொன்னியா?"

"பாடச் சொன்னாங்க அண்ணி. உங்க பாட்டத்தான் பாடினேன்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுட்டு அழுதாங்களா?"

தாளம் போட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா தலையை ஆட்டினேன். "அப்ப ஒனக்குக் கெடச்சிடும் பாப்பா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் கார்டு வந்தது. ஆங்கிலத்தில் பேசும் திறமை போதாதாம், அதனால் இடம் இல்லையாம். பேச விட்டால்தானே திறமை தெரியும்! அண்ணி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். அதன் பிறகு அவர் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்டதே இல்லை.

நான் நர்ஸாகவில்லை. அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பதில் மட்டும் இன்றும் ஒரு சொல் பிசகாமல் நினைவில் இருக்கிறது. அதற்குரிய கேள்வியை என்னிடம் கடைசிவரை ஆங்கிலத்தில் கேட்டவர், ஆங்கிலமே தெரியாத என் அண்ணி ஒருவர்தான்.