உச்சிக்கு நாலடி கீழே

நல்லமுத்து வாத்தியார் மறைந்த செய்தி எனக்கு நாமக்கல் பேருந்து நிலையச் சுவரில் கிடைத்தது. பசை காயாத கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. 'இமயம் வென்ற' என்று கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே பொடி எழுத்தில் பெயர். அவர் எங்கள் பள்ளியில் ஓய்வு பெறும்வரை விளையாட்டு ஆசிரியராக இருந்ததைச் சொல்ல இடம் போதவில்லை போலும். முதலில் துக்கம் வந்தது. பிறகு அந்தக் கொட்டை எழுத்தைத் திரும்பப் படித்தேன். வழக்கமாக வரும் பொறாமையும் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே பள்ளியில் நான் பூகோள ஆசிரியர். இமயமலையைத் தேசப்படத்தில் குச்சியால் தொட்டுக் காட்டியே தலை நரைத்தவன். எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறையில் மலையேற்றப் பயிற்சி என்று வடக்கே போன நல்லமுத்து, ஒரு சிகரத்தில் ஏறிவிட்டதாகத் திரும்பி வந்தார். சான்றாக ஒரு புகைப்படம். கம்பளிக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, முகத்தைச் சுற்றிய துணி. நடுவே ஒரு மூக்கு நுனி. "மூக்கு நம் தலைமையாசிரியருடையது போல இருக்கிறதே" என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். ஆராய்ச்சி நோக்கத்தில் சொன்னதுதான். அது எருமப்பட்டிப் பக்கம் அவருடைய ஊர்வரை போய்ச் சேர்ந்தது.

அந்த வருடம் மாரியம்மன் பண்டிகையில் அவருக்குப் பரிவட்டம் கட்டுவதாக இருந்தார்கள். சந்தேகம் கிளம்பிவிட்டது. பொய் என்றாகிவிட்டால் பரிவட்டம் போவதோடு நிற்காது. அந்த ஊரில் அவர் தலைகாட்ட முடியாது. தர்மகர்த்தா சத்தியம் வாங்கத் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்.

"ஏனுங் வாத்தியாரே, உச்சிக்குப் போனது நெசந்தானுங்களா? அணைச்சுச் சொல்லிப் போடுங்க."

நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். அவர் கை நெருப்புக்கு மேலே போய் நின்றது.

"நாலடி கீழயே நின்னுட்டேனுங்க."

"ஏனுங்க?"

"மேல இருக்கறது ஈஸ்வரன் தலைங்க. ஆணி வெச்ச பூட்ஸோட எப்படிங்க மிதிக்கறது?"

சொல்லிவிட்டுக் கற்பூரத்தை அணைத்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஏறியிருந்தால் பரிவட்டம் மட்டும் கிடைத்திருக்கும். ஏறாததற்கு ரோஜா மாலையும் சேர்ந்தது.

"நாலடி குறைந்தால் ஏறியதாகாது, உலகம் முழுக்க அதுதான் விதி" என்றேன்.

"பூகோள சாரு, நீங்க கொல்லிமலைக்கே பஸ்ஸுலதானுங்க போவீங்க" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பின்னொரு வருடம் மாணவர்களை ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு இருவரும் அழைத்துப் போனோம். அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"மூச்சு முட்டித்தானே நின்னீங்க?"

"முட்டுச்சுங்க. காலும் நடுங்குச்சு. சாமி நெனப்புக் கடைசியாத்தான் வந்துச்சு" என்று சிரித்தார். "ஆனா வந்துச்சுங்க சார்."

நாலடியா, நாற்பது அடியா என்று அளக்க நான் அங்கே இருக்கவில்லை. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. பேசாமல் கற்பூரத்தை அணைத்துவிட்டுப் பரிவட்டத்துக்குத் தலையைக் குனிந்திருக்கலாம். உச்சியில் நின்றவர்கள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவர்கள் பெயர்களை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நானே படித்துக் காட்டுகிறேன். ஊரே ஆமாம் என்ற ஒரு சொல்லுக்குக் காத்து நிற்கும்போது, அவரால் நாலடி குறைத்துச் சொல்ல முடிந்ததே, அதன் மேல்தான் பொறாமை. அவரோடு அதுவும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பொறாமைதான். அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.